சோதனைக்குப் போட்ட பெயர்

எங்கள் சபையில் யாராவது இறந்துபோனால் கோயில்பிள்ளைதான் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்வார். ஆலயத்தைத் திறப்பது, பெருக்குவது, மணியடிப்பது எல்லாம் அவர் வேலை. சாவு சொல்வதும் அதில் சேர்ந்தது. ஒரு வீட்டில் சேதி சொன்னால் அவர்கள் லேசில் விடமாட்டார்கள். எப்போது போச்சு, ஆஸ்பத்திரியிலா வீட்டிலா, கடைசியாக யாரிடம் பேசினார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவருக்கும் பாதியில் போனை வைக்க மனசு வராது. நாலு வீடு தாண்டுவதற்குள் தொண்டை கட்டிவிடும். இப்படி ஒருமுறை ஒரு குடும்பத்துக்குச் சேதி போவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. அந்தக் குடும்பம் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் பாஸ்டர் என்னிடம் கேட்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பது அவருக்குத் தெரியும். வாட்ஸப் குழு ஒன்று இருந்தது, ஆனால் காலை வணக்கப் படங்களும் எங்கிருந்தோ வந்த தீர்க்கதரிசனங்களும் குவிந்து, யாரும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. பெரியவர்கள் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். ஒரே நேரத்தில் எல்லாருக்கும் சாதாரண மெசேஜ் போகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்றார். முடியும் பாஸ்டர் என்று உடனே சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அப்படி அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். கணவர் மைன்ஸில் பெர்மனன்ட். கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு வேலையை விட்டேன். பையன் பிறந்தான். எங்கள் வரிசையில் ஒரு அக்கா ஸ்கூலில் டீச்சர், ஒருவர் பேங்க்கில். புதிதாகக் குடிவருகிற யாரும் முதலில் கேட்பது, நீங்க எங்க வேலை பார்க்கறீங்க என்றுதான். வீட்டில்தான் இருக்கிறேன் என்பேன். அதைச் சொல்லும்போது நானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வேன். பையன் ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் இணையத்தில் ஒரு கோர்ஸ் எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். காலையில் பையனை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட மாமா போவார், அந்த நேரத்தில் நான் பாடம் பார்ப்பேன். மாமா என்றால் என் மாமனார். கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்து ரிட்டயரானவர். தன் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அத்தையோடு எங்களிடம் வந்துவிட்டார்.

கோர்ஸில் நான் கற்றுக்கொண்டது இதுதான். நமக்கென்று ஒரு கம்ப்யூட்டரைப் பகலும் இரவும் ஓடவிட வேண்டியதில்லை. பெரிய கம்பெனிகள் அவர்களுடைய கம்ப்யூட்டர்களை எங்கேயோ வைத்திருக்கிறார்கள். நாம் எழுதிய சின்ன நிரலை அங்கே போட்டுவிட்டால், கூப்பிடும்போது மட்டும் எழுந்து, சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதற்கு ஃபங்ஷன் என்று பெயர். நான் போனில் தோழியிடம், ஃபங்ஷன் போட்டுட்டேன், நாளைக்கு டெஸ்ட் பண்ணணும் என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, யார் வீட்டு ஃபங்ஷன், நம்மைக் கூப்பிடவில்லையே என்று அத்தை விசாரித்தார்.

எல்லாவற்றையும் ஒரு வெப் பக்கத்திலேயே செய்யலாம். நடுவில் நிரல் எழுதும் கட்டம். அதன் மேல் இரண்டு பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று டெஸ்ட், இன்னொன்று டிப்ளாய். எழுதியதை டிப்ளாய் அழுத்தி ஏற்றினால்தான் அது அங்கே போய்ச் சேரும். டெஸ்ட் அழுத்தினால், ஏற்கனவே ஏற்றிவைத்தது எதுவோ அது ஓடும். நான் நிரல் கட்டத்தில் புதிதாக எழுதியிருப்பதை அது பார்க்காது. அனுப்ப வேண்டிய வாசகத்தை மட்டும் கீழே தனியாக ஒரு சின்னக் கட்டத்தில் தட்டுவோம், டெஸ்ட் அழுத்தியதும் அது அப்படியே போய்விடும். கோர்ஸில் இதைத் தனியாகவே சொன்னார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை.

சனிக்கிழமை முதல் மெசேஜ் போனது. நாளை ஆராதனை முடிந்ததும் ஐக்கிய விருந்து, எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போகவும் என்று. சபைக் குடும்பங்கள் அத்தனை பேரின் எண்களையும் நிரலில் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். எனக்கு வந்துச்சு, எனக்கும் வந்துச்சு என்றார்கள். பாஸ்டர் அறிவிப்பு நேரத்தில் நன்றி சொன்னார். மாமா ஆண்கள் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். விருந்தில் எனக்கு முதல் பந்தியில் இடம் போட்டார்கள். அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த தோரணையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை காலை, சாவு அறிவிப்புக்கு ஒரு மாதிரி தயார்செய்ய உட்கார்ந்தேன். அதற்காகத்தானே இதெல்லாம் ஆரம்பித்தது. கணவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். பையன் ஸ்கூலில். அத்தை சமையலறையில். மாமா முன்வராண்டாவில் நாற்காலி போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் ஹாலில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்திருந்தேன். கதவு திறந்திருந்ததால் அவர் எனக்கு நேர் எதிரில் தெரிந்தார்.

முதலில் ஜாக்கிரதையாக ஒரு காரியம் செய்தேன். சோதனை மெசேஜ் யாருக்கும் போய்விடக் கூடாது என்று, நிரலில் இருந்த எண்களை எல்லாம் எடுத்துவிட்டு என் எண்ணை மட்டும் வைத்தேன். பிறகு கீழே சின்னக் கட்டத்தில் மெசேஜ் வாசகத்தைத் தட்டினேன். ஒரு பெயர் வேண்டியிருந்தது. மாமாவின் பெயரைப் போட்டேன். முன்னால் திரு. போட்டேன். வயது வேண்டியிருந்தது. அவருடைய வயதைச் சரியாகப் போட்டேன். எங்கள் குவார்ட்டர்ஸ் விலாசத்தைப் போட்டேன். ‘இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை நேரம் பின்னர் அறிவிக்கப்படும்’ என்று முடித்தேன். வாசகம் நன்றாக வந்திருப்பதாக நினைத்து, ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தினேன். டெஸ்ட் அழுத்தினேன்.

பச்சைப் பட்டையில் வெற்றி என்று வந்தது. என் போன் சத்தம் கொடுத்தது. சந்தோஷமாக எடுத்துப் பார்த்தேன். சமையலறையில் அத்தையின் போன் சத்தம் கொடுத்தது. பிறகு வராண்டாவில், மாமாவின் சட்டைப் பையில்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஏதோ கம்பெனி விளம்பரம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருகிறதே, அப்படி என்று நினைத்தேன். மாமா பட்டன் போனை எடுத்துக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். எழுந்து உள்ளே வந்தார். கையில் கீரை ஒட்டியிருந்தது. போனை என்னிடம் நீட்டி, என்ன வந்திருக்குது படிம்மா என்றார்.

படித்தேன். வாய்க்குள்தான் படித்தேன். லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தபோதுதான் நிரல் கட்டத்தின் ஓரத்தில், மாற்றங்கள் இன்னும் ஏற்றப்படவில்லை என்று இங்கிலீஷில் எழுதியிருப்பது கண்ணில் பட்டது. நான் டிப்ளாய் அழுத்தவில்லை. சனிக்கிழமை ஏற்றிய பழைய நிரல், அத்தனை குடும்பங்களின் எண்களோடு, ஓடியிருக்கிறது.

“ஏதோ விளம்பரம் மாமா” என்றேன்.

அவர் போனை வாங்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். “என் பேரு இருக்குதேம்மா” என்றார்.

அதற்குள் அத்தை வெளியே வந்துவிட்டார். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மாமாவைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி மாமாவைப் பார்த்தார். அடுப்பில் எண்ணெய் புகைகிற வாசனை வந்தது. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சரியாகச் செய்த காரியம்.

திரும்பி வந்து லேப்டாப் முன் உட்கார்ந்தேன். தப்பு டிப்ளாய் அழுத்தாததுதானே என்று அந்தப் பதற்றத்தில் முதலில் டிப்ளாயை அழுத்தினேன். பிறகு, முந்தைய செய்தி தவறு, மாமா நலமாக இருக்கிறார், மன்னிக்கவும் என்று தட்டி டெஸ்ட் அழுத்தினேன். என் போனில் வந்து விழுந்தது. திருத்தம் போயிடுச்சு மாமா, எல்லாருக்கும் போயிடுச்சு என்று சொன்னேன்.

போகவில்லை. இப்போது ஏற்றப்பட்டிருந்தது என் எண் மட்டும் உள்ள நிரல். சாவுச் சேதி சபை முழுக்கப் போனது, சாகவில்லை என்ற சேதி எனக்கு மட்டும் வந்தது. அது எனக்குப் புரிய நேரமாகிவிட்டது. அத்தையின் போனும் மாமாவின் போனும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. எடுத்த எடுப்பில் அழுதவர்களுக்கு அத்தை விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தம் பார்க்காதவர்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதலில் அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். மாமா கேட்டருகே நின்றிருந்ததைக் கவனிக்காமல் அவரைத் தாண்டி உள்ளே போய் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார். அத்தை அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண் திரும்பி மாமாவைப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இரண்டு பேர் பெரிய மாலையோடு ஸ்கூட்டரில் வந்தார்கள். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் மாமரத்துக் கிளையில் மாட்டினார்கள். மாமாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த ஒருவர் கம்மாபுரத்திலிருந்து வந்தார். அவர் எங்கள் சபைக்காரர்கூட இல்லை, யாரோ சொல்லி வந்தவர். மாமாவைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் நின்றார்.

பிறகு ஒரு வேன் வந்து கேட் முன் நின்றது. பின்னால் ஐஸ் பெட்டி. சபையில் இப்படி நேரத்தில் ஓடியாடி உதவுகிற ஒருவர் எங்களைக் கேட்காமலே சொல்லி அனுப்பிவிட்டார். டிரைவர் இறங்கிவந்து, கேட்டில் நின்ற மாமாவிடமே கேட்டார்.

“பெரியவரே, சாவு வூடு இதுதானுங்களா?”

“இதுதான்பா அட்ரஸு. பெட்டி தேவப்படல, திருப்பிகினு போ” என்றார் மாமா.

டிரைவர் புரியாமல், வேறு எங்காவது பெட்டி சொல்லிவிட்டார்களா என்று விசாரித்தார். மாமா, “இல்லப்பா. எனக்குத்தான் சொன்னாங்க” என்றார்.

நான் ஹால் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெளியே வரவில்லை. வந்திருக்க வேண்டியவள் நான்தான். வருகிறவர் எல்லாருக்கும் மாமாவும் அத்தையும் பதில் சொல்லிக்கொண்டிருக்க, நான் உள்ளே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கணவர் வந்தபோது நான் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தேன். அவருடைய செக்ஷனில் எங்கள் சபைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் மெசேஜைக் காட்டி, ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொல்லி அனுப்பிவைத்திருக்கிறார். சேஃப்டி ஷூவும் சேறுமாக, நண்பர் ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து தெருமுனையிலேயே இறங்கி ஓடிவந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டைத் திறந்தார். மாமா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வண்டிய நீயா ஓட்டிகினு வந்த?” என்று மாமா கேட்டார்.

கணவர் இல்லை என்று தலையாட்டினார். அப்பாவின் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். நேராகப் பின்பக்கம் போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நான் துண்டோடு போய் நின்றேன். எப்படி என்று மட்டும் கேட்டார். நான் டிப்ளாய், டெஸ்ட் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

பாஸ்டர் வெள்ளை அங்கியும் வேதாகமமுமாக வந்தபோதுதான் திருத்தம் யாருக்குமே போகவில்லை என்று தெரிந்தது. அவர் ஒரு மெசேஜ்தான் வந்தது என்றார். போனைக் காட்டினார். நான் ஓடிப்போய்ப் பட்டியலை மறுபடி சேர்த்து, டிப்ளாய் அழுத்தி, ஏறிவிட்டதா என்று பார்த்து, அனுப்பினேன். வெளியே நின்றவர்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் கொடுத்தன. மாமா நலமாக இருக்கிறார் என்பதை மாமாவின் முன்னால் நின்றுகொண்டு எல்லாரும் படித்தார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அத்தைக்குத்தான் மகளின் ஞாபகம் வந்தது. என் நாத்தனார் விழுப்புரத்தில் ஸ்கூல் டீச்சர். அவள் எங்கள் சபைப் பட்டியலில் இல்லை. ஆனால் யாராவது சொல்லியிருப்பார்களே. அத்தை போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வேறு யாரோ எடுத்தார்கள். அவளோடு வேலை பார்க்கும் டீச்சர். அப்பா இறந்துவிட்டார் என்று சேதி வந்தது, போனை ஸ்டாஃப் ரூமிலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டாள், பஸ் ஏறியிருப்பாள் என்றார்.

கணவர் சட்டையைக்கூட மாற்றாமல் டவுன்ஷிப் நுழைவில் இருக்கும் ஆர்ச் கேட்டுக்குப் போனார், பஸ்ஸைப் பார்க்க. எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று யாருக்கும் தெரியாது. அவர் அங்கே நிற்க, அவள் வேறு நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். எங்கள் வீட்டு முன்னால் கூட்டம் இன்னும் கலையவில்லை. மரத்தில் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஆட்டோவிலிருந்தே அப்பா என்று கத்திக்கொண்டு இறங்கினாள்.

“நான் இங்கதாம்மா இருக்கறேன்” என்று மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அவள் அவரிடம் போகவில்லை. கேட்டருகிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமாதான் போய் அவள் பக்கத்தில் குந்தினார். அவள் அவர் முகத்தை, காதை, சட்டைப் பொத்தானை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழுகை வரவில்லை. வழியெல்லாம் அழுது தீர்த்திருக்கிறாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்.

“பஸ்லயே நான் அப்பாவ அடக்கம் பண்ணிட்டுத்தான் வந்தேன் அண்ணி.”

கோபமாகச் சொல்லவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று மாலையே ஊருக்குப் புறப்பட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வெகுநாள் வீட்டுக்குப் போன் செய்தால், நான் எடுத்தால், அம்மாகிட்ட குடுங்க என்பதோடு சரி.

எல்லாரும் போன பிறகு நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை வாசற்படியில் வந்து நின்றார். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. அன்றைக்கும் அவர் சண்டை போடவில்லை.

“சோதனைக்கு ஒரு பேரு வேணும்னா உன் பேரப் போட்டிருக்கலாம். என் பேரப் போட்டிருக்கலாம். ஏம்மா அவரு பேரு?”

“எதிர்ல உட்கார்ந்திருந்தாரு அத்தை.”

“காலையில ஒம் புள்ளையுந்தான் எதிர்ல உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான்.”

நான் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தை போய்விட்டார்.

டிப்ளாய் அழுத்தாததைப் பற்றி எனக்கு வெட்கம்தான். ஆனால் அது கைத்தப்பு, யாருக்கும் வரும். அத்தை கேட்டது அப்படியில்லை. என் பையன் பெயரைத் தட்டி அதன் பக்கத்தில் நித்திரையடைந்தார் என்று எழுத என் கை வந்திருக்காது. விளையாட்டுக்குக்கூட வந்திருக்காது. கணவர் பெயருக்கும் வந்திருக்காது, திருச்சியில் இருக்கும் என் அப்பா பெயருக்கும் வந்திருக்காது. மாமா பெயருக்கு வந்தது. திரு. போட்டு, வயதைச் சரிபார்த்து, காற்புள்ளி திருத்தி எழுதினேன். தினமும் என் பையனின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறவர். அவர் போனால் நான் அழுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் அந்தப் பெயர்மேல் என் விரல் தயங்கவில்லை. வயதானவர், என்றாவது இப்படி ஒரு செய்தி வரத்தான் போகிறது என்று எனக்குள் எங்கேயோ முடிவாகியிருக்கிறது. அதை அத்தை பார்த்துவிட்டார். மாமாவும் பார்த்திருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வரவில்லை என்றேன். மாமா, நீ வராம நான் மட்டும் போனா என்னைத்தான் எல்லாரும் குறுகுறுன்னு பார்ப்பாங்க, வா என்றார். போனேன். தூணோரம் உட்கார்ந்தேன். பாஸ்டர் அறிவிப்பு நேரத்தில், சென்ற வாரம் இயந்திரக் கோளாறு காரணமாக ஒரு தவறான செய்தி போய்விட்டது, நம் சகோதரர் நலமோடு இருப்பதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிப்போம் என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. அது சொன்னதைச் சொன்னபடி செய்தது. அதை எழுந்து சொல்லியிருக்கலாம். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மா என்னிடம் வந்து, எங்க வீட்டு நம்பர மட்டும் எடுத்துடும்மா, அவருக்கு ஹார்ட் பிரச்சினை இருக்கு என்று மெதுவாகச் சொன்னார். எடுத்துவிடுகிறேன் என்றேன்.

மாமாவுக்கு அந்த வாரம் பஜாருக்குப் போவது ஒரு குஷியாகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்து விசாரித்தார்கள். நான் பையோடு பின்னால் நிற்பேன். ஒரு கடையில் காய் வாங்கும்போது, தெரிந்தவர் ஒருவர், எந்தப் பாவி இப்படி மெசேஜ் போட்டது என்று கேட்டார். மாமா திரும்பி என்னைக் காட்டினார். என் மருமகதான், கம்ப்யூட்டர்ல போட்டுச்சு, ஒரே நிமிஷத்துல டவுன்ஷிப் பூரா போயிடுச்சு பாரு என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையிலேயே பெருமையாகத்தான் சொன்னார். அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கத்திரிக்காய்களைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வருகிற வழியில், இனிமேல் யாரிடமும் சொல்லாதீங்க மாமா என்று கெஞ்சினேன். சரி என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, எனக்கும் அன்னிக்குக் கொஞ்சம் பயந்துதாம்மா போச்சு என்றார்.

அந்தப் பக்கத்தை நான் பல வாரம் திறக்கவில்லை. கோயில்பிள்ளை மறுபடி போன் செய்ய ஆரம்பித்தார். மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, சபையில் வயதான டீச்சரம்மா ஒருவர் இறந்துவிட்டார். தனியாக இருந்தவர். சொந்தம் என்று பக்கத்தில் யாரும் இல்லை. பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உங்களால் முடிந்தால் மட்டும் என்றார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தைதான், செத்தது நெஜம்தானே, போய்ப் போடு என்றார்.

பாஸ்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, லேப்டாப்பைத் திறந்தேன். சோதனைக்கென்று தனியாக வேறொரு ஃபங்ஷன் செய்தேன். அதில் என் எண்ணும் அவர் எண்ணும் மட்டும். வாசகத்தில் பெயர் எதுவும் போடாமல், சோதனை என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இரண்டு போன்களுக்கும் வந்தது. பிறகு நிஜமானதைத் திறந்து, டீச்சரம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்துப் போட்டேன். டிப்ளாய் அழுத்தினேன். ஏறிவிட்டது என்று வரும்வரை டெஸ்ட் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. பாஸ்டரிடம் ஒருமுறை படித்துக் காட்டினேன். அவர் தலையசைத்த பிறகுதான் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வர ஆரம்பித்தது. அத்தை போனுக்கு இல்லை, என் போனுக்கு. எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். சிலர் தயங்கித் தயங்கி, சிலர் நேராக.

“நெஜமாத்தானா?”

நெஜம்தாங்க என்றேன். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம் என்றேன். அடுத்த அழைப்பிலும் அதையே கேட்டார்கள். எல்லாருக்கும் சொன்னேன். எத்தனை வீடு என்று எண்ணவில்லை. போகப் போகத் தொண்டை கட்டிவிட்டது. பாஸ்டர் அடக்கத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். மாமா ஒரு டம்ளர் வெந்நீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அதை எடுத்துக் குடித்துவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை மறுபடி எடுத்தேன்.